“அந்தப் புத்தகம் எப்படி இருக்கு?” – நாவல் படிக்கிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை பதினொரு நாவல் படித்திருக்கிறேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஆபீஸ் மதியச் சாப்பாட்டிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அதே பத்துப் பதினைந்து சந்தேகங்களை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் கேட்டவர் வாயில் எப்படி வந்ததோ அப்படியே விட்டிருக்கிறேன்.

இந்த வயசுல கதைப் புத்தகம் படிச்சு என்ன ஆகப்போகுது?

ஒன்றும் ஆகப்போவதில்லை. சீரியல் பார்ப்பவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் என் கவலையை இறக்கி வைத்துவிட்டு வேறு யாரோ ஒருத்தருடைய கவலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்கு அது போதும்.

சரி, என்னென்ன படிச்சீங்க? எல்லாம் புதுசா வந்ததா?

சமீபத்தில் படித்தவை என்றுதான் சொன்னேன், சமீபத்தில் வந்தவை என்று சொல்லவில்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973), பூமணியின் ‘வெக்கை’ (1982), ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972), ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018), கன்னடத்தில் விவேக் ஷான்பாக் எழுதி கே. நல்லதம்பி தமிழாக்கிய ‘காச்சர் கோச்சர்’. இந்த ஆறும் எனக்குப் பிடித்தவை. தி. ஜானகிராமனில் இரண்டு: ‘அம்மா வந்தாள்’ பிடித்தது, ‘மரப்பசு’ பிடிக்கவில்லை. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ பிடிக்கவில்லை. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ பாதி பாதி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் தடவை, அதில்தான் வம்பே வந்தது, கீழே வருகிறேன்.

இதுல ஒண்ணே ஒண்ணு படிக்கணும்னா எது?

‘தண்ணீர்’. யோசிக்கவே மாட்டேன். சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வருவதில்லை, விடிவதற்கு முன்னால் குடமும் பக்கெட்டுமாக வீடு வீடாக அலைகிறார்கள். அந்தத் தெருவில் ஜமுனா, அவள் தங்கை சாயா, அப்புறம் டீச்சரம்மா. சினிமாவில் நடிக்கலாம் என்ற ஆசையில் பாஸ்கர் ராவ் என்ற ஒருத்தனை நம்பி ஜமுனா வாழ்க்கையைத் தொலைத்துக்கொண்டவள். இப்படிச் சொன்னால் கண்ணீர்க் கதை என்று நினைப்பீர்கள். ஆனால் கண்ணீரை விடப் பக்கெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது இந்தப் புத்தகம்.

ஜமுனா உடைந்துபோயிருக்கும்போது டீச்சரம்மா ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்வதில்லை. தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தன் சீக்காளிப் புருஷனையும் மாமியாரையும் காட்டி, இதற்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் பார் என்கிற மாதிரி தன் கதையைச் சொல்கிறாள், அவ்வளவுதான், மறுபடி தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும். அந்த இடத்தில் அசோகமித்திரன் என் தோளைத் தட்டி “இங்கே அழு” என்று சொல்லவே இல்லை. அதனால்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தோள் தட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் குறை சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் குறை.

லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காவல் நின்றவன் நான், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கலாம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய புத்தகம் படிக்க நேரமில்லைங்க. சின்னதா ஏதாவது?

‘காச்சர் கோச்சர்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். பெங்களூரில் ஒரு குடும்பம், சிறிய வீட்டில் எறும்போடு மல்லுக்கட்டிக்கொண்டு சிக்கனமாக வாழ்ந்தவர்கள், மசாலா வியாபாரத்தில் சித்தப்பா கை ஓங்கியதும் பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். பணம் வந்தபின் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், சம்பாதிக்கும் மனிதனுக்கு வீடே எப்படி அரண் கட்டுகிறது என்பதுதான் கதை. தலைப்புக்கு அகராதியில் அர்த்தம் தேடாதீர்கள். மருமகள் அனிதாவின் பிறந்த வீட்டில் மட்டும் புழங்கும் சொல் அது. உள்பாவாடை நாடா முடிச்சு அவிழ்க்க முடியாமல் சிக்கிக்கொள்ளும்போது அவள் புருஷனுக்கு அதைச் சொல்லித் தருகிறாள். நாங்கள் சிக்கல் என்போமே, அதற்கும் மேலே, இனி கத்தரிக்கோல்தான் என்ற நிலைமை. எங்கள் வீட்டிலும் இப்போது சார்ஜர் வயருக்கு அந்தச் சொல்தான்.

அசுரன் பார்த்தாச்சு. அப்புறம் எதுக்கு வெக்கை?

‘வெக்கை’யை வைத்து எடுத்த படம்தான் அசுரன் (2019), ஆனால் படம் அப்பாவின் கதை, தனுஷின் கதை. ‘வெக்கை’ பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு வரலாம் என்று போனவன், ஆளே செத்துவிட, ஓடுகிறான். அதில்தான் நாவலே ஆரம்பிக்கிறது. படத்தில் வரும் பெரிய முன்கதை நாவலில் கிடையாது. அப்பாவும் மகனும் ஒளிந்து திரியும் எட்டு நாள், அவ்வளவுதான்.

படத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது சண்டை. நாவலில் ஞாபகம் இருப்பது சோறு. இன்றைக்கு எங்கே படுப்பது, எங்கே கஞ்சி காய்ச்சுவது, புகை வெளியே தெரியாமல் அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று அந்த அய்யா மகனுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறார். கொலை செய்த பிள்ளையை ஒரு தடவைகூட உட்காரவைத்து உபதேசம் பண்ணவில்லை. இரண்டையும் பாருங்கள், படியுங்கள், ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

வட்டார வழக்கு புரியலைண்ணே. அகராதி வச்சுக்கிட்டா படிக்கிறது?

வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள். ‘புத்தம் வீடு’ கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு, முதல் பத்துப் பக்கம் எனக்கும் தடுக்கியது. அக்கானி என்றால் பதநீர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, பனையேறிகள் கதையில் மரத்திலிருந்து வேறு என்ன இறங்கும், தானாகப் புரிந்துவிட்டது. நொடித்துப்போன பெரிய வீட்டில் லிஸி என்ற பெண், வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி உள்ளேயே இருத்திவிடுகிறார்கள், வெளியே பனையேறி மகன் தங்கராஜ். காதல் கதைதான். ஆனால் அந்த வீட்டின் பெரியவர்கள் வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. பொதுத் தமிழில் எழுதியிருந்தால் பாதிச் சுவை செத்திருக்கும்.

புயலிலே ஒரு தோணியை இருபது பக்கத்துல விட்டுட்டேன். கோளாறு என்கிட்டயா, புத்தகத்துலயா?

இரண்டு பேரிடமும் இல்லை. எடுத்த எடுப்பில் இந்தோனேசியாவின் மெடான் நகரம், ஜப்பான் பட்டாளம் உள்ளே வருகிறது, டச்சுப் பெயர், மலாய்ப் பெயர், யார் யார் என்றே பிடிபடாது. நானும் ஒரு தடவை விட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை ஒரு காரியம் செய்தேன்: தெரியாத பெயர்களைத் தெரியாத ஊரின் பெயர்ப்பலகை மாதிரி நினைத்துத் தாண்டிப் போனேன். பஸ்ஸில் போகும்போது எல்லாப் போர்டையுமா படிக்கிறோம்? நூறு பக்கம் தாண்டியதும் ஊர் பழகிவிட்டது.

அதற்கப்புறம் கதாநாயகன் பாண்டியன் கூடவே பினாங்கு, கப்பல், நேதாஜியின் படை என்று இழுத்துக்கொண்டு போய்விடும். நண்பர்கள் குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமை மொத்தத்தையும் உரித்துத் தொங்கவிடும் பக்கங்கள் இருக்கின்றன, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். கடல் கடந்து இருப்பவன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும் இடங்கள் வேறு, நான் தினம் நடக்கிற தெருக்கள். சிங்காரம் இளவயதில் மெடானுக்கு வேலைக்குப் போய், பிறகு திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதிய நாவல் 1972-ல்தான் அச்சேறியது. அத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு இருந்த மனிதரை நினைத்தால் நாம் இருபது பக்கத்தில் விடுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பெண்கள் எல்லாரும் கதை ஓரமாக வந்து போய்விடுகிறார்கள்.

சோகக் கதை வேண்டாம்ப்பா. ‘செல்லாத பணம்’ படிக்கலாமா?

சோகம் வேண்டாம் என்றால் வேண்டாம், பொய் சொல்லி விற்க மாட்டேன். இன்ஜினியரிங் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள், ஹெட்மாஸ்டர் அப்பா அவளோடு பேச்சை விட்டுவிடுகிறார். பிறகு ஒரு நாள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வார்டுக்கு வெளியே குடும்பம் காத்துக்கிடப்பதுதான் நாவலின் பெரும் பகுதி.

மருத்துவமனை வராண்டாவில் இரண்டு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் வசனம் பேச மாட்டார்கள். டீ வாங்கி வரட்டுமா, இட்லி சாப்பிட்டியா, அந்த பெட்காரருக்கு எந்த ஊராம், இப்படித்தான் போகும். இமையம் அதை அப்படியே எழுதியிருக்கிறார், பக்கம் பக்கமாகப் பேச்சுதான். தேவைப்பட்ட காலத்தில் மகளுக்குக் கொடுக்காத பணம் இப்போது அப்பாவின் பையில் இருக்கிறது. அதை யாரிடம் கொடுத்தால் என்ன வாங்க முடியும்? நடுவில் சில இடங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருவது போல இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்த வராண்டாவிலும் அப்படித்தானே இருக்கும்.

பொன்னியின் செல்வன் பிடிக்கலைன்னு சொன்னீங்களாமே?

வந்துவிட்டது வம்பு. நான் சொன்னது வேறு. பதினாலு வயதில் முதல் தடவை படித்தேன், பெரியம்மா வீட்டில், வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்த தொகுப்பு, நடுநடுவே சோப்பு விளம்பரம் வரும். சோறு தண்ணி இல்லாமல் படித்தேன். 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்தபின் மறுபடி எடுத்தேன். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் இன்றும் ஜில்லென்று இருக்கிறது. நந்தினி வரும் பக்கமெல்லாம் இன்றும் தாண்ட முடியவில்லை.

ஆனால் இது 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்த தொடர். ஒரு வாரம் காத்திருப்பவருக்காகப் போட்ட முடிச்சு ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் இருக்கிறது. நான் ஒரே ராத்திரியில் பத்து அத்தியாயம் படிக்கிறேன், பத்து தடவை யாரோ மறைவில் நின்று ஒட்டுக்கேட்கிறார்கள், பத்து தடவை ஒரு உருவம் இருட்டில் தெரிகிறது, மூன்றாம் பாகத்தில் களைத்துப்போனேன். அது கல்கியின் குறை அல்ல, நான் படித்த வேகத்தின் குறை. தினம் ஒரு அத்தியாயம் என்று படியுங்கள். இதைத்தான் சொன்னேன், சித்தப்பா காதுக்குப் போவதற்குள் “பிடிக்கலையாம்” என்று ஆகிவிட்டது.

குறிஞ்சி மலர்ல என்ன குறை? எங்க அம்மாவுக்கு அது உயிர்.

அம்மாவிடம் இதைக் காட்டவேண்டாம். அந்த நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்த தலைமுறை உண்டு, தூர்தர்ஷனில் மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்துத் தொடராகவும் வந்தது. அந்தப் பிரியத்தை நான் கேலி செய்யவில்லை.

என் சங்கடம் இது. அரவிந்தனும் பூரணியும் பேசிக்கொள்வதை ஒரு நாள் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டு பேர் பேசுகிற மாதிரி இல்லை, இரண்டு பேர் மேடை ஏறிய மாதிரி இருந்தது. அவர்களிடம் ஒரு அற்ப ஆசையோ, சின்னப் பொறாமையோ, வீண் கோபமோ கிடையாது. தமிழ் நடை அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் ‘தண்ணீர்’ பற்றிய பதிலில் சொன்னேனே, அந்தத் தோள் தட்டல் இதில் பக்கத்துக்குப் பக்கம். “எவ்வளவு உத்தமமானவர்கள் பார்” என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது.

காவல் கோட்டம் நல்லாருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிற புத்தகத்துக்கு ஒரே வார்த்தையா? முடியாது. முதல் பகுதியில் படையெடுப்பு, நாயக்கர் ஆட்சி என்று அரசர்களின் வரிசை, எனக்கு அது ஸ்கூல் சரித்திரப் பாடம் மாதிரி ஓடியது, இரண்டு தடவை கீழே வைத்தேன். களவும் காவலும் தொழிலாகக் கொண்ட தாதனூருக்கு வந்ததும் வேறு புத்தகம் ஆகிவிடுகிறது. கன்னம் வைத்தல், அதாவது சுவரில் துளை போட்டு உள்ளே இறங்குவது, அதை எந்த இருட்டில், எந்தச் சுவரில், எப்படிச் செய்வது என்று தொழில் தெரிந்தவன் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். படித்த ராத்திரி எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரைப் போய்த் தட்டிப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கும் பகுதி இன்னொன்று. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்த கதை, அந்த வேலையோடு சேர்ந்த பெயர்கள்தான் இன்றைக்குப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். கல்யாணப் பத்திரிகை அடிக்க, டைரி வாங்க என்று நூறு தடவை போன தெரு. இப்போது போனால் காலுக்குக் கீழே அகழி இருக்கிற நினைப்பு. எனவே என் யோசனை: முதல் பகுதி ஓடவில்லையென்றால் வெட்கப்படாமல் தாண்டுங்கள்.

சாகித்ய அகாடமி விருது வாங்கினதுன்னா நம்பி வாங்கலாமா?

‘காவல் கோட்டம்’ 2011-ல் வாங்கியது, ‘செல்லாத பணம்’ 2020-ல் வாங்கியது. அசோகமித்திரனுக்கும் தி. ஜானகிராமனுக்கும் கிடைத்தது சிறுகதைத் தொகுப்புக்கு. பூமணிக்குக் கிடைத்தது ‘அஞ்ஞாடி’க்கு, ‘வெக்கை’க்கு இல்லை. விருதை மட்டும் பார்த்திருந்தால் என் பட்டியலில் முக்கால்வாசி என் கைக்கே வந்திருக்காது. நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தைக் கடையில் நின்றே படித்துப் பாருங்கள், விரட்ட மாட்டார்கள்.

முடிவைச் சொல்லிட்டீங்களே! இனி எப்படிப் படிக்கிறது?

எந்த முடிவையும் சொல்லவில்லை, மேலே போய்ப் பாருங்கள். வடக்கூரான் செத்தது ‘வெக்கை’யின் தொடக்கம், முடிவு அல்ல.

மோகமுள் எழுதினவர் எழுதினதையே பிடிக்கலைங்கிறீங்களே?

தி. ஜானகிராமன் என்ற ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகத்தை அடுத்தடுத்துப் படித்ததில்தான் எனக்கே என் ருசி விளங்கியது. ‘அம்மா வந்தாள்’: வேத பாடசாலையில் படிப்பு முடித்து அப்பு வீட்டுக்கு வருகிறான், அம்மா அலங்காரத்துக்கு இன்னொருவரோடு உறவு இருப்பது தெரிகிறது. அவன் அப்பா தண்டபாணிக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் அந்த மனிதர் வீட்டுக்குள் இருக்கிறார். அந்த மௌனத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை, நான் இன்னும் அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

‘மரப்பசு’வில் (1975) அம்மணி எல்லாவற்றையும் தானே சொல்கிறாள். கட்டுகள் வேண்டாம், எல்லாரையும் தொடவேண்டும் என்கிறாள், கோபாலி என்ற சங்கீத வித்வானோடு இருக்கிறாள், வெளிநாடு போகிறாள். ஆனால் எனக்கு அவள் குரலுக்குப் பின்னால் ஒரு எழுத்தாளர் நின்று எடுத்துக்கொடுக்கிற மாதிரியே கேட்டது. அதே புத்தகத்தில் மரகதம் என்று வீட்டு வேலை செய்யும் பெண், அவள் புருஷன் பச்சையப்பன், இவர்கள் நாலு பக்கம் வந்தால் போதும், மூச்சு இருக்கிறது. கொள்கைக்காக உண்டாக்கிய ஆள் கட்டையாக நிற்க, ஓரத்தில் வந்தவள் உயிரோடு நடக்கிறாள்.

நீ ஆம்பளை. அதனாலதான் உனக்கு மரப்பசு பிடிக்கலை. சரிதானே?

கேட்டது எங்கள் மதினி. இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான். முதலில் “அதெல்லாம் இல்லை மதினி, எழுத்து சரியில்லை” என்றேன். “அரவிந்தன் மேடைப் பேச்சு பேசினா உனக்குச் சிரிப்பு வருது, அம்மணி பேசினா எரிச்சல் வருது, ரெண்டும் ஒண்ணா?” என்று திருப்பிக் கேட்டார். ராத்திரி பூராவும் அதை யோசித்தேன்.

பாதி அவர் சொன்னது சரி. சில பக்கங்களில் என் மார்ஜின் குறிப்புகளைத் திரும்பப் பார்த்தால் “இப்படி யார் பேசுவார்கள்” என்று எழுதியிருக்கிறேன், அதாவது ஒரு பெண் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்காதது புத்தகத்தின் குற்றம் ஆகாது. அந்தக் குறிப்புகளை அடித்துவிட்டேன். மரகதத்தின் நாலு பக்கம் அம்மணியின் மொத்தப் பக்கங்களை விட உயிராக இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் விடவில்லை. மதினியோ மரகதம்தான் ஆண்களுக்கு வசதியான பாத்திரம், அதனால்தான் உனக்குப் பிடிக்கிறது என்கிறார். வழக்கு நடக்கிறது.

பிடிக்காததைக் கடைசி வரைக்கும் எதுக்குப் படிக்கிறீங்க?

எல்லாவற்றையும் படிப்பதில்லை, பாதியில் விட்டவை பதினொன்றில் சேராது. முழுக்கப் படிக்காமல் பிடிக்கவில்லை என்று சொன்னால் மதினி மாதிரி ஒருத்தர் மாட்டிவிடுவார், அந்தப் பயம்தான்.

புத்தகம் இரவல் தருவீங்களா?

தருவேன், நோட்டில் பெயர் எழுதிக்கொண்டுதான். ‘தண்ணீர்’ இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று எப்போதும் வெளியே இருக்கும். ‘புயலிலே ஒரு தோணி’ ஆபீஸ் நண்பரிடம், மறுபடி இருபதாம் பக்கம் வரை வந்திருக்கிறாராம். ‘மரப்பசு’ மட்டும் இப்போதைக்குக் கிடைக்காது, என் குறிப்புகளுக்குப் பக்கத்திலேயே மதினி பேனாவால் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.